அப்பா உள்ளே தூங்குகிறார்

ஜூன் 9

இது போன வருடத்துக் கணக்கு நோட்டு. கடைசியில் நாற்பது தாள் மிச்சம் இருந்தது. பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். யாராவது எடுத்துத் திறந்தால் முதலில் இயற்கணிதம்தான் கண்ணில் படும். உடனே மூடிவிடுவார்கள்.

அம்மா தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து, ஜீரோ வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பல்லி என்றால் பயம், கணக்கு டீச்சர் என்றால் பயம், கதவு தட்டும் சத்தம் என்றால் பயம். ஆனால் ஒரு விஷயத்தை எங்கேயாவது சொல்லாவிட்டால், வாய் தவறி வகுப்பில் சொல்லிவிடுவேனோ என்ற பயம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பா இல்லை.

எழுதியாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பல்லி மட்டும் ஒரு தடவை கத்தியது.

அப்பா லாரி ஓட்டுகிறார். நாக்பூர் பக்கம். நான் இரண்டாம் வகுப்பு படித்தபோது போனார். இப்போது ஒன்பதாம் வகுப்பு. தெருவில் எல்லோரிடமும் அம்மா சொல்லியிருப்பது வேறு: "வெள்ளிக்கிழமை ராத்திரி வந்துட்டு, விடியுமுன்ன கெளம்பிருவாவ." ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்தால் கண்டவனும் வந்து கதவைத் தட்டுவான் என்பாள்.

அதற்காக வாசலில் ஒன்பதாம் நம்பர் செருப்பு ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும். தினமும் அதை இடம் மாற்றிப் போட வேண்டும். புதிதாகவே இருந்தால் சந்தேகம் வருமாம். அதனால் சாயங்காலம் கொல்லையில் நான் அதைப் போட்டுக்கொண்டு நூறு நடை நடக்கிறேன். சனிக்கிழமை, யாரும் போடாத இரண்டு சட்டைகளைத் துவைத்துக் கொடியில் காயப்போடுகிறோம். தீபாவளிக்கு அம்மாவே சரவெடியைக் கொளுத்திவிட்டு, "ஏங்க, பாத்து!" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். தெரியாத ஆள் யாராவது கதவைத் தட்டினால், நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: "அப்பா உள்ள தூங்குறாவ."

தூங்கும்போதுகூட என்னை எழுப்பிக் கேட்டால் சொல்வேன்.

ஜூன் 10

செருப்பு நடை நூறு. குதிகாலில் கொப்புளம்.

ஜூன் 14

அம்மா கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடுகிறாள். கம்பெனிக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது. ஆறு பெண்கள் ஒரு நாள் முழுக்கப் போடுவதை அது மத்தியானத்துக்குள் போட்டுவிடுகிறதாம். சாப்பிடவும் போவதில்லை, அடுத்தவளைப் பற்றிப் பேசுவதும் இல்லை. முதலாளிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இனி அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை.

ராத்திரி சாப்பிடும்போது சொன்னாள். "இந்த வருசத்த எப்படியும் ஓட்டிருவேன். அடுத்த வருசம் பள்ளிக்கூடம் என்னன்னு தெரியலட்டி. ரெடிமேட் கம்பெனியில பட்டன் வைக்க ஆள் கேக்காவ."

நான் அப்பளத்தைச் சத்தம் வராமல் கடித்தேன்.

ஜூன் 16

கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண் ஒரு செய்தி சொல்லியிருக்கிறாள். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அரசாங்கம் மாதம் ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்கிறதாம். விட்டுப் போய் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டுமாம்.

"அஞ்சு போதுமாம்ட்டி. நமக்கு ஆறு இருக்கு" என்றாள் அம்மா. எனக்கு முழு ஆண்டில் முதல் மார்க் வந்தால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள்.

அந்தப் பணம் வந்தால் நான் பத்தாவது படிப்பேன். வராவிட்டால் பட்டன்.

ஜூன் 17

தெரு ஆட்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று பஸ் ஏறி, நாலு ஸ்டாப் தள்ளி இருக்கிற இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் பதிகிற அக்கா கேட்கக் கேட்க அம்மா பதில் சொன்னாள்.

"கணவர் பேரு?"

"அய்யாத்துரை."

"இப்ப எங்க இருக்காரு?"

"லாரியில போயிருக்காவ. வெள்ளிக்கிழமை வந்துருவாவ."

அக்கா தட்டுவதை நிறுத்தினாள். "வந்துருவாரா? அப்ப கைவிடலையே?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லம்மா, வரமாட்டாவ. வாய் பழகிப்போச்சு."

"சரி. கடைசியா எப்ப வந்தாரு?"

"போன தீபா..." அம்மா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பின்னாடி பன்னெண்டு பேரு நிக்காங்க."

பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும், அம்மா யோசிப்பதற்கு இடைஞ்சல் இல்லாமல், மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொய்யைப் படபடவென்று சொன்ன அம்மாவுக்கு உண்மை சொல்லத்தான் அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் அக்கா ஒரு ரசீது கொடுத்தாள். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு விசாரணைக்கு வருவாராம்.

ஜூன் 21

இரண்டு வருடம் முன்னால் ஒரு டிரைவர் அம்மாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. நாக்பூர் கடைவீதியில் அப்பாவைப் பார்த்தாராம். அப்பா ஒரு கவுன் வாங்கிக்கொண்டிருந்தாராம், மஞ்சள் நிறத்தில். எனக்குத்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். டிரைவர் கையை விரித்து அளவு காட்டினார். அந்த அளவு எனக்கு மூன்று வயதில் சரியாக இருந்திருக்கும். அப்பாவுக்கு அளவு மறந்துபோயிருக்கும்.

மணி பத்தரை. வெளியே இருமல் கேட்கிறது. இரண்டு தடவை, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு தடவை. வருடக்கணக்கில் இப்படிக் கேட்கிறது. ஜன்னலைத் திறந்து பார்த்ததில்லை. பார்த்தால் யார் என்று தெரிந்துபோகும்.

ஜூன் 26

வேகமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் அதுதான் காரணம்.

சாயங்காலம் அம்மா கம்பெனியில் இருந்தாள். கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஹெல்மெட் போட்ட ஆள். கையில் ஒரு ரிஜிஸ்டர். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை.

"வீட்ல யாரு இருக்கா பாப்பா?"

என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது: "அப்பா உள்ள தூங்குறாவ."

"தூங்குறாரா?"

"ஆமா. எழுப்பினா கோவம் வரும். ரொம்பக் கோவம் வரும்."

இந்தக் கடைசிப் பகுதியை அம்மா சொல்லித் தரவில்லை. நானே சேர்த்தேன்.

அவர் வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். கொடியில் கிடந்த சட்டைகளைப் பார்த்தார். ரிஜிஸ்டரில் ஏதோ எழுதினார். பிறகு பக்கத்து வீட்டு ஜெபக்கனி அத்தையிடம் போய்ப் பேசினார். பைக் கிளம்பியபோதுதான் அதன் முன்னால் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். கிராம நிர்வாக அலுவலர்.

அம்மா வந்ததும் "யாராச்சும் வந்தாவளா?" என்று கேட்டாள்.

"யாரும் வரல" என்றேன்.

ஜூன் 27

சொல்லவில்லை.

ஜூன் 28

இன்றும் சொல்லவில்லை. செருப்பு நடை நூற்றைம்பது, எனக்கு நானே தண்டனை.

ஜூலை 8

விண்ணப்பம் தள்ளுபடி என்று போனில் செய்தி வந்தது. அம்மா வேலைக்குப் போகாமல் நேராக அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்து என்னிடம் நடந்ததை நடித்தே காட்டினாள்.

அலுவலர் சொன்னாராம்: "வாசல்ல செருப்பு கெடக்கு. கொடியில சட்டை காயுது. உள்ளயே ஆளு தூங்குறதா தகவல். பக்கத்து வீட்டம்மா, வெள்ளிக்கிழமை தவறாம வருவாரு, போன தீபாவளிக்கு சரவெடி போட்டாரு, அருமையான மனுசன்னு சொல்லுது. நான் என்னம்மா எழுதட்டும்?"

"சட்டைய நாந்தான் சார் துவைச்சேன்."

"அதத்தான் நானும் எழுதியிருக்கேன்."

அம்மா நடிப்பதை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். "உள்ள தூங்குறாவன்னு சொன்னாளாம்ட்டி அந்த ஜெபக்கனி! எட்டிப் பாத்தாளா அவ? இனிமே அவ மொகத்துல முழிக்க மாட்டேன்."

இதுதான் நேரம். சொல்லியிருக்கலாம். "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்டேன்.

ஜூலை 12

அம்மாவும் ஜெபக்கனி அத்தையும் பேசிக்கொள்வதில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். அத்தை சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "ஏட்டி செண்பா, ஒங்கம்மைட்ட எங்க இட்லிக் கொப்பரைய வாங்கிட்டு வா" என்கிறாள். அம்மா அவளுக்கு மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு, "செண்பா, கழுவித் தாரேன்னு சொல்லு" என்கிறாள். நான் நடுவில் நின்று இரண்டையும் திருப்பிச் சொல்கிறேன். இரண்டு பேரும் என்னைத்தான் முறைக்கிறார்கள்.

அத்தை நல்லவள். அவள் கணவர் தவசி மாமா தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கிறார். பாவம், அவரும் இப்போது எங்கள் வாசல் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறார்.

ஜூலை 16

பத்தரை தாண்டிவிட்டது. இன்றும் இருமல் கேட்கவில்லை. எட்டு நாளாக இல்லை. அப்பாவுக்கு

(இந்த வரியை முடிக்கவில்லை.)

ஜூலை 20

அம்மா ரெடிமேட் கம்பெனி மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வந்தாள். பன்னிரண்டு வயது ஆள்போல இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வருடம் கூட்டி வா என்றானாம். எனக்குப் பதினான்கு. இரண்டு விதத்தில் அழுகை வந்தது.

ஜூலை 23

நிறைய எழுத வேண்டும். பல்பு எரிந்தால் எரியட்டும்.

இன்று தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள். பத்துப் பதினைந்து பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அத்தையின் குடம் அம்மாவின் குடத்தில் இடித்தது. அவ்வளவுதான், பதினைந்து நாள் அடக்கி வைத்தது எல்லாம் வெளியே வந்தது.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்றாள் அம்மா.

"எங்கண்ணப் பத்திப் பேசாத மைனி. ஒன் மானத்தக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அந்த ஆளுட்ட அப்படிச் சொன்னேன். எவனோ ஹெல்மெட்ட மாட்டிட்டு வந்து, இந்த வீட்ல ஆம்பளை உண்டான்னு கேக்கான். இல்லன்னா சொல்லச் சொல்லுத?"

"அதுக்கு உள்ள தூங்குறாவன்னா சொல்லுவ?"

"தூங்குறதா நான் எங்க சொன்னேன்? பைபிள்மேல அடிச்சு..."

"நாந்தான் சொன்னேன்!"

கத்தியது நான்தான். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை.

அம்மா திரும்பினாள். "ஏட்டி... யாரும் வரலன்னு சொன்ன?"

"வந்தாரும்மா. நீ சொல்லித் தந்ததத்தான் சொன்னேன். எழுப்பினா கோவம் வரும்னு நானா சேத்துக்கிட்டேன்."

அடிப்பாள் என்று கண்ணை மூடினேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லோரையும் பார்த்து நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. எங்க வீட்ல அவிய இல்ல. வெள்ளிக்கிழமையும் வரல, தீபாவளிக்கும் வரல. போயி ஆறு வருசம் ஆச்சு. சரவெடி நான் போட்டது."

யாருடைய குடமோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"தெரியும்ளா" என்றாள் ஜெபக்கனி அத்தை.

"என்ன தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருதான ஒம்மாப்பிள்ளைக்கு தீபாவளிச் சட்டை தைக்காரு. வருசா வருசம் அதே அளவு. லாரி ஓட்டுற ஆம்பளைக்கு ஒரு இஞ்சு தொப்பைகூட போடாம இருக்குமான்னு ரெண்டாவது வருசமே கேட்டுட்டாரு."

"நான் செருப்புலயே கண்டுபிடிச்சேன்" என்றாள் எதிர்வீட்டுப் பெண். "அவ்வளவு பெரிய செருப்பு, சின்னக் காலு போட்ட மாதிரில்லா நடுவுல மட்டும் தேஞ்சிருக்கு!"

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சுக்கிட்டேவா ஆறு வருசமா, ஒங்க வீட்டுக்காரரு சுகமான்னு கேட்டீங்க?"

"நீ சுகம்னு சொன்னியே மைனி. பெறவு என்ன கேக்க?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். அத்தை அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஒத்தைப் பொம்பளை, பொட்டப்பிள்ளைய வச்சிட்டுக் கெடக்கா, கடைய அடைச்சிட்டு வரையில அவ ஜன்னல்கிட்ட நின்னு இருமிட்டு வாங்கன்னு எங்க வீட்டுக்காரருட்ட நாந்தான் சொல்லி வச்சேன். மொதல்ல அவருக்கு இருமவே வரல மைனி. ஆடு தும்முற மாதிரி இருந்துச்சு. உக்கார வச்சுப் பழக்குனேன். நீ பேசாம இருந்தியா, அதான் கோவத்துல நிறுத்தச் சொல்லிட்டேன்."

இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இருமலைப் பற்றி இன்று வேறு எதுவும் எழுதப் போவதில்லை.

ஜூலை 24

பத்தரைக்கு இருமினார். நல்ல இருமல்தான்.

ஜூலை 25

திரும்ப விண்ணப்பித்தோம். இந்தத் தடவை எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இருக்கிற இ-சேவை மையத்தில். "எங்க இருக்காரு?" என்று கேட்டதும் அம்மா, "தெரியாது" என்றாள். ஒரே வார்த்தை. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 6

மறு விசாரணை. ஐந்து சாட்சி போதும் என்று சொல்லியிருந்தார்கள். பத்தொன்பது பேர் வந்தார்கள். தவசி மாமா சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார்.

கிராம நிர்வாக அலுவலர் இன்று ஹெல்மெட்டைக் கழற்றினார். சின்ன வயசுக்காரர்தான். என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, அப்பா முழிச்சிட்டாரா?" என்றார்.

பின்னால் பத்தொன்பது பேர். நாக்கின் நுனியில் பழைய வரி தயாராக நின்றது. அதை விழுங்க எச்சில் போதவில்லை.

"அப்பா இல்ல சார். அன்னைக்கும் இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு அத்தை பக்கம் திரும்பினார். அத்தை ராத்திரி முழுக்கத் தயார் பண்ணியிருப்பாள் போல. "அந்த ஆளை நான் கண்ணால கண்டதே கிடையாது சார்!"

"போன தடவை அருமையான மனுசன்னு சொன்னீங்க?"

"அது கேள்விப்பட்டது."

"ஆறு வருசத்துக்கு முன்னாடியும் பாத்ததில்லையா? இவங்க கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"போனேன். மாப்பிள்ளைய மாலை மறைச்சிருந்துச்சு."

மாமா அத்தையின் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்திவிட்டு, தன் அளவு நோட்டை எடுத்து நீட்டினார். மார்பு முப்பத்தெட்டு, மார்பு முப்பத்தெட்டு, மார்பு முப்பத்தெட்டு. அலுவலர் அதை வெகு நேரம் பார்த்தார். அரசாங்கத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லை போலிருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கிற விதம் மாறிவிட்டது.

"சரிம்மா. என்ன நடந்துச்சுன்னு ஒரு வாக்குமூலம் எழுதிக் குடுங்க."

"இவ எழுதுவா சார். நான் சொல்லச் சொல்ல" என்று அம்மா என்னைக் காட்டினாள்.

எழுதினேன். பிரிந்து சென்ற தேதி வந்ததும் அம்மா நின்றாள். "தை மாசக் கடைசின்னு நெனைக்கேன்."

நான் கேட்காமலே எழுதிவிட்டேன். பிப்ரவரி 3, காலை ஆறு பத்து, நீலக் கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு பை.

அலுவலர் படித்துப் பார்த்தார். "நேரம் வேண்டாம் பாப்பா." கொஞ்சம் நிறுத்தி, மெதுவாக, "லுங்கியும் வேண்டாம்" என்றார்.

அடித்துக் கொடுத்தேன். அடித்த இடத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டுமாம். போடும்போது என் காதில் கேட்டாள். "ஒனக்கு எப்படிட்டி தெரியும்? நீ அன்னைக்கு உள்ள தூங்கிட்டுல்லா இருந்த?"

"தூங்கல" என்றேன்.

எல்லோரும் போன பிறகு வாசல் செருப்பை எடுத்து உள்ளே வைக்கப் போனேன். அம்மா தடுத்தாள். "அது கெடக்கட்டும். கெவர்மெண்டுக்குத் தெரிஞ்சா போதும். கள்ளனுக்கு எதுக்குத் தெரியணும்?"

ஆகஸ்ட் 29

ஒரு தகவலும் இல்லை. அம்மா போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். லோன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணிடம், "சார் கையெழுத்துப் போட்டுட்டாவளா?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 17

மேஸ்திரி வழியில் பார்த்து, "எப்ப அனுப்புத?" என்றானாம். அம்மா, "பொறுங்க" என்றாளாம். எவ்வளவு நாள் என்று அவனும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை, என்னாலும் தூங்க முடியவில்லை.

செப்டம்பர் 30

வந்துவிட்டது!

உத்தரவுத் தாளை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, ஜெபக்கனி அத்தை வீட்டில் ஒரு தடவை காட்டி, எதிர்வீட்டில் ஒரு தடவை காட்டி, கடைசியில்தான் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். மேஸ்திரிக்கு போன் போட்டு, "எம்பிள்ளை பத்தாவது படிக்கப் போறா" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு முழுதாகப் படித்துக் காட்டச் சொன்னாள். அடியில் சிறிய எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன. மூன்றாவதை மட்டும் படிக்காமல் தாண்டினேன். அம்மா விடவில்லை. "ரெண்டுக்குப் பெறவு நாலா?"

படித்தேன். கணவர் திரும்பி வந்து சேர்ந்து வாழும் பட்சத்தில், பயனாளி உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உதவித்தொகை நிறுத்தப்படும்.

"அப்படின்னா?"

"அப்பா வந்தா சொல்லணும்மா. பணம் நின்னுரும்."

அம்மா தாளை வாங்கி மடித்தாள். எனக்குப் பழைய பயம் எல்லாம் வந்தது. கூடவே புதிதாக ஒன்றும் வந்தது. இத்தனை வருடம் வராமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயந்திருக்கிறேன். வந்துவிடுவாரோ என்று பயந்தது இன்றைக்குத்தான்.

"வாரவரு சும்மா வந்து நின்னாப் போதுமா?" என்றாள் அம்மா. "நாம அலைஞ்ச மாதிரி அவரும் அலையட்டும். இ-சேவையில பதியட்டும். ஆதாரு, ரெண்டு போட்டோ, தெருவுல அஞ்சு பேரு கையெழுத்து."

"வாக்குமூலம்?"

"கைப்பட எழுதணும். எங்க போனாரு, எதுக்குப் போனாரு. நேரம், லுங்கி எல்லாம் போட்டு."

சிரிப்பை அடக்க முடியவில்லை. "எத்தன நாள்லம்மா முடிவு சொல்லணும்?"

"நமக்கு எத்தன நாளு ஆச்சு?"

விரல் விட்டு எண்ணினேன். "நூத்தி அஞ்சு."

"அதோட ஆறு வருசத்தையும் சேத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா விளக்கை அணைத்தாள்.

இப்போது அடுப்படியில் உட்கார்ந்து சேர்த்துப் பார்த்தேன். இன்றைக்கு அவர் விண்ணப்பித்தால்கூட, முடிவு சொல்லும்போது எனக்கு இருபது வயது முடிந்திருக்கும். விசாரணைக்கு ரிஜிஸ்டரோடு நானே போகலாம்.